முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஒயில் ஏறட்டும்

மட்டக்களப்பின் செட்டிபாளையத்திலும் அதை அடுத்த களுதாவளையிலும் மணல் தோட்டம் செய்பவர்களுக்குப் பழகிப்போன வேலை ஒன்று உண்டு. கிணற்றடிப் பம்பின் மூடியைக் கழற்றி, வாய் நிறையும்வரை தண்ணீர் ஊற்றி, குமிழி வருவது நின்ற பிறகுதான் மூடியை இறுக்கி மெசினை இழுப்பார்கள். வெறும் பம்பு காற்றைத்தான் சுழற்றும், தண்ணீரை இழுக்காது என்பது வெற்றிலைக் கொடிக்கும் மிளகாய்ப் பாத்திக்கும் தண்ணீர் விடுகிற எவருக்கும் தெரியும். ஊற்றியும் ஏறாவிட்டால் எங்கே பார்ப்பது என்பதும் தெரியும். ஒன்றில் அடிவால்வில் குப்பை சிக்கியிருக்கும், அல்லது உறிஞ்சு குழாயின் மூட்டால் காற்று நுழையும். ஆனால் அதே மனிதரின் உழவு இயந்திரம் எஞ்சின் வேலை முடிந்து கராஜிலிருந்து வரும்போது, அதற்குள் இருக்கிற ஒயில் பம்புக்கு இப்படி யாரும் ஊற்றினார்களா என்று அவர் பெரும்பாலும் கேட்பதில்லை. கராஜ்காரரும் தானாகச் சொல்வதில்லை. இறக்கிப் பூட்டிய எந்த எஞ்சினையும் முதல் தடவை ஸ்டார்ட் செய்யுமுன் அதன் ஒயில் அழுத்தத்தை ஏற்றிக் காட்டுவது நமது கராஜ்களில் கட்டாய வேலையாக வேண்டும். அதற்குரிய கூலியும் பில்லில் தனியாக எழுதப்பட வேண்டும். இந்தக் கட்டுரை கேட்பது இவ்வளவுதான்.

எஞ்சினுக்குள் கிராங்க் தண்டு அதன் பெயாரிங்கைத் தொட்டுக்கொண்டு சுழல்வதில்லை. இரண்டுக்கும் நடுவே விடப்படும் இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கு, தலைமயிரின் தடிப்பு அளவுகூட வராது. அந்த இடுக்கில் என்ன நடக்கிறது என்பதை முதலில் கண்டவர் பீச்சம் டவர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். 1883இல் ரயில் பெட்டி அச்சுகளில் உள்ளவை போன்ற பெயாரிங்குகளை அவர் சோதித்துக்கொண்டிருந்தார். ஒயில் விடுவதற்காக மேற்பக்கத்தில் துளைத்த துளை வழியாக ஒயில் உள்ளே இறங்கவில்லை, வெளியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கையைத் தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியைப் பூட்டிப் பார்த்தபோது 200 பிஎஸ்ஐக்கு மேல் காட்டியது. சுழலும் தண்டே ஒயிலை ஆப்புப் போல இடுக்குக்குள் இழுத்து அதன்மேல் மிதக்கிறது என்பதை 1886இல் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதத்தால் நிறுவினார். ஆகவே சுமையைத் தாங்குவது பம்பு தருகிற அழுத்தம் அல்ல. பம்பின் வேலை ஒயிலைத் தொடர்ந்து கொண்டுவந்து சேர்ப்பது. அது சேராவிட்டால் இழுப்பதற்கு ஆப்பும் இல்லை, தண்டு நேராகப் பெயாரிங்கின் மென்படையில் உரசத் தொடங்கும். அந்தப் படை மிக மெல்லியது. ஒயில் வராத சில விநாடிகளில் விழுகிற கீறலை அதன்பின் எவ்வளவு நல்ல ஒயில் ஊற்றினாலும் மாற்ற முடியாது.

இதற்கு மிகக் கடுமையான சாட்சி ட்ராக் பந்தயம் எனப்படும் நேர்கோட்டு ஓட்டம். நின்ற இடத்திலிருந்து 402 மீற்றர், அதாவது கால் மைல் தூரத்தை யார் முதலில் கடப்பது என்பதே போட்டி. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசியப் போட்டிகள் இந்த வகையில் நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் இதன் உச்சப் பிரிவான டொப் பியூவல் கார்கள் 2008 முதல் 1,000 அடிதான் ஓடுகின்றன. நான்கு விநாடிக்குள் முடிந்துவிடும் அந்த ஓட்டத்தில் எஞ்சின் சுற்றுவது சுமார் ஐந்நூறு சுற்றுகள் மட்டுமே. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரித்து, பெயாரிங்குகளைப் பார்த்து, முக்கால் மணித்தியாலத்துக்குள் மறுபடி பூட்டுகிறார்கள். எஞ்சின் பிரித்துப் பூட்டுவதை அன்றாட வேலையாகச் செய்கிற இத்துறையில் பற்றவைக்கும் முன் ஒயில் அழுத்தம் ஏற்றுவது தவிர்க்க முடியாத ஒழுங்கு. நமது ஊரின் பெயரையே கொண்ட இன்னொரு செட்டிபாளையம் கோயம்புத்தூருக்கு அருகே இருக்கிறது. மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதனின் பெயரால், 2003 முதல் அங்கே ஒரு மோட்டார் பந்தயத் தடம் இயங்குகிறது. அந்தச் செட்டிபாளையத்தில் ஓடுவது பந்தயக் கார், இந்தச் செட்டிபாளையத்தில் ஓடுவது உழவு இயந்திரம். தண்டு ஒயிலின்மேல் மிதக்கும் முறை இரண்டிலும் ஒன்றேதான்.

பந்தய எஞ்சின்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை நமது மெக்கானிக்குகள் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பழைய செவர்லே வீ-8 எஞ்சினில் டிஸ்ரிபியூற்றரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையால் ஒரு தண்டை இறக்கி, ட்ரில் மெசினால் ஒயில் பம்பை மட்டும் சுழற்றுகிறார்கள். முதலில் ட்ரில் சும்மா சுற்றும், சத்தமும் மெல்லியதாக இருக்கும். சில விநாடிகளில் சத்தம் கனத்து, ட்ரில் கையை முறுக்கப் பார்க்கும். பம்பு ஒயிலைக் கவ்விவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கெஜ் ஊசியும் அப்போதுதான் எழும். அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. கிராங்கைக் கையால் கால் சுற்று திருப்பி மறுபடி சுழற்ற வேண்டும், ஏனென்றால் சில துளைகள் குறிப்பிட்ட நிலையில்தான் ஒன்றோடொன்று நேராகும். வால்வு மூடியைத் திறந்துவைத்து, ஒவ்வொரு ரொக்கர் நுனியிலும் ஒயில் கசிந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே வேலை முடிந்தது என்பார்கள்.

ஊசி எழாவிட்டால்தான் கைவினையின் உண்மையான அறிவு வெளிப்படுகிறது. நமது தோட்டக்காரர் தண்ணீர்ப் பம்பில் தேடுகிற அதே வரிசையில்தான் இங்கும் தேட வேண்டும். முதல் சந்தேகம் பம்பின் மீது. காய்ந்த பற்சக்கரங்களுக்கு இடையே காற்று தப்பிவிடுவதால் அது உறிஞ்சாது. பூட்டும்போதே பற்களுக்கிடையே பெற்றோலியம் ஜெல்லியை நிரப்பினால் அந்த இடுக்கு அடைபட்டு உறிஞ்சல் பிறக்கும், பிறகு ஜெல்லி சூட்டில் ஒயிலோடு கரைந்துவிடும். கிறீஸ் அப்படிக் கரையாது, அதை வைக்கவே கூடாது. அடுத்தது, ஒயில் தேங்கும் சம்புக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய். அதன் மூட்டில் ஒரு ரப்பர் வளையம் நசுங்கியிருந்தாலும் பம்பு ஒயிலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும். குழாயின் வாய் சம்பின் அடியை முட்டிக்கொண்டிருந்தால் ஒயில் வர வழியில்லை, அதிகம் உயர்ந்திருந்தால் ஒயில் அலையும்போது காற்று புகும். கால் அங்குலத்திலிருந்து மூன்றெட்டு அங்குலம் வரை இடைவெளி விடுவது வழக்கம். மூன்றாவது, அழுத்தம் மிஞ்சும்போது திறக்கிற விடுவிப்பு வால்வு. லேத்திலிருந்து வந்த ஒரு சிறு இரும்புத்தூள் அதைத் திறந்தபடியே பிடித்து வைத்திருந்தால், பம்பு எவ்வளவு தள்ளினாலும் ஒயில் சுற்றிச் சம்புக்கே திரும்பும். நான்காவதுதான் மிகவும் வேதனையானது. புளொக்கைப் போர் அடித்துக் கழுவுவதற்காக ஒயில் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றுவார்கள். அவற்றில் ஒன்றைத் திரும்பப் பூட்ட மறந்துவிட்டால், வெளியே ஒரு சொட்டும் கசியாது, உள்ளே ஒயில் முழுவதும் அந்தத் திறந்த துளையால் கொட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் கையால் சுற்றப்படும் நிலையில் இந்தத் தவறு தெரிந்தால் மறந்த அடைப்பானைப் பூட்டி வேலையைத் தொடரலாம். ஓடத் தொடங்கிய பிறகு தெரிந்தால் கிராங்க் தண்டையே மறுபடி லேத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

ட்ரில்லைச் சுழற்றும் திசை தவறினாலும் ஊசி எழாது. செவர்லேக்கு வலஞ்சுழி, சிறிய ஃபோர்ட் வீ-8க்கு இடஞ்சுழி. இந்தச் செவர்லேயில் டிஸ்ரிபியூற்றரின் உடலே ஒயில் பாதையின் ஒரு சுவராக நிற்கிறது. அந்த இடத்தை மூடும் உறை இல்லாத வெறும் கம்பியை இறக்கினால் ஒயில் அங்கேயே வழிந்து, ரொக்கர்கள் காய்ந்தே கிடக்கும். பம்பில் எந்தப் பிழையும் இல்லாமலே பம்பை மாற்றுகிறவர்கள் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். கெஜ்ஜும் பொய் சொல்லக்கூடும். அதன் குழாயில் காற்று நின்றால் ஊசி சோம்பிக் கிடக்கும். பம்புக்கு அருகில் பூட்டிய கெஜ், பாதை இடையில் அடைபட்டிருந்தாலும் நல்ல அழுத்தம் காட்டும். அழுத்தம் என்பது ஒயில் பயணத்துக்கு ஏற்படும் தடை. ஒயில் உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை ரொக்கர் நுனியில் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்களுக்குப் போகும் உழவு இயந்திரங்களுக்கு இதில் இன்னொரு பங்கு உண்டு. பெரும்போக உழவு முடிந்தால் பல இயந்திரங்கள் மாதக்கணக்கில் கொட்டிலில் நிற்கின்றன. நிற்கும் காலத்தில் பெயாரிங்குகளிலிருந்தும் பில்டரிலிருந்தும் ஒயில் மெல்ல வடிந்து சம்புக்கே இறங்கிவிடுகிறது. அடுத்த போகத்துக்கு ஒரே இழுப்பில் ஸ்டார்ட் செய்து உடனே முறுக்கினால், அதுவும் ஓரளவு உலர்ந்த தொடக்கம்தான். பழுதானதை மாற்றுவதும் எளிதாக இருக்கவில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடையில் 2022இல் ரூபாய் சரிந்து, உதிரிப்பாகங்களின் விலை கைக்கு எட்டாமல் போனது. ஐந்து ஆண்டுகளாக இந்த நாடு பழைய எஞ்சின்களை இறக்கி ஏற்றித்தான் ஓடியது. கடன்பட்டு எஞ்சின் வேலை செய்த ஒரு விவசாயிக்கு அந்தப் பெயாரிங் ஒரு போகத்தின் வருமானம்.

இந்தக் கோரிக்கைக்கு எழும் மறுப்புகளில் நியாயமானவை உண்டு. பூட்டும்போது பெயாரிங்குகளில் ஒயில் பூசித்தானே பூட்டுகிறோம், இவ்வளவு காலம் அப்படியே ஓடியதே என்று அனுபவமுள்ள மெக்கானிக் கேட்பார். பூச்சு உண்மையிலேயே காப்பாற்றும், ஆனால் பம்பு உடனே ஒயிலைக் கவ்வும் என்ற நம்பிக்கையில்தான். கவ்வாத எஞ்சினில் அந்தப் பூச்சு தருவது சொற்ப அவகாசம் மட்டுமே. அந்த நேரத்துக்குள் சத்தத்தை வைத்துப் பிழையைக் கண்டுபிடித்து நிறுத்துவது எவராலும் உறுதியாகச் செய்யக்கூடியதல்ல. இவ்வளவு காலம் ஓடிய எஞ்சின்களை நாம் எண்ணுகிறோம், இரண்டாம் போகத்திலேயே தட்டத் தொடங்கியவற்றை ‘சாமான் சரியில்லை’ என்று கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம். சிவப்பு விளக்கு அணைந்ததே என்பது இன்னொரு வாதம். அந்த விளக்கின் சுவிட்ச் பொதுவாக ஐந்து பிஎஸ்ஐ அளவிலேயே அணைந்துவிடும். வேலை செய்யும் எஞ்சினுக்கோ ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகள் நீண்டகாலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. விளக்கு அணைந்தது, அழுத்தம் பூச்சியமல்ல என்பதற்கு மட்டுமே சான்று.

எல்லா எஞ்சினிலும் ட்ரில்லை இறக்க முடியாது என்பது சரியான ஆட்சேபம். இன்றைய பல எஞ்சின்களில் பம்பு கிராங்கின் முன்முனையிலேயே இருக்கிறது. அதற்கும் வழி உண்டு. எரிபொருளை நிறுத்தி, பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, சுமையில்லாமல் ஸ்டார்ட்டரால் சில விநாடி சுற்றி, ஆறவிட்டு, ஊசி எழும்வரை திரும்பச் செய்யலாம். கைப்பிடியால் சுற்றும் டீசல் எஞ்சினில் அமுக்கத்தைத் தளர்த்தும் நெம்பைத் தூக்கிவிட்டுச் சுற்றினால் போதும். ஒயில் விளக்குச் சுவிட்ச் பூட்டியிருக்கும் துளையில் ஒரு குழாயை இணைத்து, கைப்பம்பு உள்ள புதிய தெளிகருவியில் சுத்தமான ஒயிலை நிரப்பி அழுத்தினால், பம்பின் உதவியே இல்லாமல் ஒயில் வழிகளை நிரப்பிவிடலாம். வயலில் மருந்து அடித்த தாங்கியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், எவ்வளவு கழுவினாலும் எடுக்காதீர்கள். ஒயில் பம்பே இல்லாத எஞ்சின்களும் நம்மிடம் ஏராளம். வாவியில் ஓடும் இரு வீச்சு வெளியிணைப்பு எஞ்சின்களுக்கும், சம்பிலுள்ள ஒயிலை வாரித் தெளித்தே ஓடும் சிறிய பெற்றோல் பம்புகளுக்கும் இந்த வேலை தேவையில்லை. அவற்றுக்குக் கலவையும் ஒயில் மட்டமும் சரியாக இருந்தால் போதும்.

நேரம் இல்லை, கூலி கிடைக்காது என்ற மறுப்புத்தான் உண்மையில் இந்த வேலையைத் தடுக்கிறது. அதற்கு மெக்கானிக்கை மட்டும் குறைசொல்வது அநியாயம். பில்லில் இல்லாத வேலைக்கு யாரும் ஒரு மணித்தியாலத்தைக் கொடுக்கமாட்டார்கள். ஆகவே வாடிக்கையாளர் அதற்குப் பணம் கொடுக்கத் தயாராக வேண்டும், கராஜ்காரரும் ஒரு பொறிமுறைக் கெஜ்ஜை வாங்கிச் சுவரில் தொங்கவிட வேண்டும். தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் எஞ்சின் பூட்டுகிற மாணவர், பற்றவைக்கும் முன் ஊசியை எழவைத்துக் காட்டினால்தான் தேசியத் தொழில் தகைமை மதிப்பீட்டில் அந்த வேலைக்குப் புள்ளி என்று வைக்கலாம். சட்டமும் சுற்றறிக்கையும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த பெரும்போகத்துக்கு முன் எஞ்சின் வேலைக்குக் கொடுத்திருப்பவர்கள், டீசலைத் திறக்கும் நாளில் கராஜுக்குப் போய் நில்லுங்கள். வால்வு மூடியைத் திறந்து வைக்கச் சொல்லி, ரொக்கரில் ஒயில் வருவதைப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.