வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையாதீர்கள்

நம் வயதுக்காரர்களுக்குக் கணினி எதற்கெல்லாம் பயன்படுகிறது என்று கணக்குப் பார்த்தால் நாலைந்து வேலைக்குள் அடங்கிவிடும். பேப்பர் படிக்க, வங்கிக் கணக்குப் பார்க்க, மின் கட்டணம் கட்ட, பழைய பாட்டுக் கேட்க, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க. கடைசியாகச் சொன்னதுதான் உண்மையில் முதலாவது. மற்றவை இல்லாவிட்டாலும் பொழுது எப்படியோ போய்விடும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. நம் வீட்டுப் பழைய கணினிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. "லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், காசு கிடையாது" என்று நான் சொன்னால் நண்பர்கள் தலையாட்டுவார்கள். அடுத்த நொடியே எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "அதுல கேமரா வேலை செய்யுமா சார்?"

செய்யும். அதற்காக இணையம் முழுக்க மென்பொருள் தேடி அலையவும் வேண்டாம் என்பது என் கட்சி.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஒரு காலத்தில் வெப்கேம் வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு குறுந்தகடு இருக்கும். அதில் இருக்கும் 'டிரைவர்' விண்டோஸுக்கு மட்டும்தான். கணினிக்கும் கேமராவுக்கும் நடுவே நின்று பேசும் துபாஷி என்று அந்த டிரைவரைச் சொல்லலாம். ஒவ்வொரு கம்பெனிக் கேமராவும் ஒவ்வொரு பாஷை பேசியது. மிஷேல் க்ஸார் என்ற பிரெஞ்சு மருத்துவர், கிடைத்த ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து, 200-க்கும் மேற்பட்ட கேமரா வகைகளுக்கு லினக்ஸில் வேலை செய்யும் டிரைவர்களை எழுதினார். அவருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

பிறகு 2003-இல் யு.வி.சி. என்ற பொது விதிமுறை வந்தது. இனி யு.எஸ்.பி. கேமராக்கள் எல்லாம் ஒரே பாஷை பேசட்டும் என்பது அதன் சாரம். அந்தப் பாஷை தெரிந்த டிரைவர் 2008-இல் லினக்ஸின் கருவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டுவிட்டது. ஆகவே இன்று கடையில் வாங்கும் யு.எஸ்.பி. கேமராவைச் செருகினால் அநேகமாக அப்படியே வேலை செய்யும். குறுந்தகடும் வேண்டாம், டிரைவர் தேடலும் வேண்டாம்.

மிச்சம் இருப்பது, கேமராவில் தெரிவதைத் திரையில் காட்டும் ஒரு சின்ன மென்பொருள். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றில் மென்பொருள்களுக்கென்றே ஒரு களஞ்சியம் உண்டு. மெனுவில் மின்ட்டில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' என்றும், உபுண்டுவின் புதிய பதிப்புகளில் 'ஆப் சென்டர்' என்றும் இருக்கும். அதைத் திறந்து 'சீஸ்' என்று தேடுங்கள். போட்டோ எடுப்பவர் சிரிக்கச் சொல்லும் அதே சீஸ்தான். நிறுவு என்ற பொத்தானை அழுத்தி, கடவுச்சொல் கொடுத்தால் முடிந்தது. வெளிச்சம், நிறம் இவற்றையெல்லாம் திருகிப் பார்க்க ஆசை இருந்தால் 'குவிசிவியூ' என்ற ஒன்றும் அதே இடத்தில் கிடைக்கும். புதிய பதிப்புகளில் 'ஸ்னாப்ஷாட்' என்பது சீஸின் இடத்துக்கு வந்திருக்கிறது. ஏதாவது ஒன்று போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேத்தியோடு பேசுவதற்கு இந்த மென்பொருள்கூடத் தேவையில்லை. கூகுள் மீட், ஜிட்சி போன்றவை ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ நேரடியாக வேலை செய்கின்றன. கேமராவையும் மைக்கையும் பயன்படுத்தலாமா என்று பிரவுசர் கேட்கும்போது சம்மதம் கொடுத்தால் போதும். சீஸ் என்பது கேமரா உயிரோடு இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்க்கத்தான். பார்த்த பிறகு அதை மறக்காமல் மூடிவிடுங்கள். பொதுவாகக் கேமரா ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் வசப்படும். சீஸ் திறந்திருந்தால் மீட்டில் கருப்புத் திரைதான் வரும்.

என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். அவருடைய கணினியில் படம் வரவில்லை என்று ஒரு கடைக்குக் கொண்டுபோனார். "லினக்ஸ்ல கேமரா எல்லாம் வராது சார், புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளின் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது, கேமராவின் முன்னால் இருக்கும் சின்னத் தள்ளுமூடி மூடியே இருந்தது. விரலால் தள்ளினேன், முகம் தெரிந்தது. புதுக் கணினிக்கு ஆகும் காசை விடுங்கள், அந்த இரண்டு மாதத்தை அவருக்கு யார் திருப்பித் தருவது?

ஆகையால் படம் வராவிட்டால் முதலில் மூடியைப் பாருங்கள். மடிக்கணினியாக இருந்தால் கேமராவை அணைக்கும் விசை கீபோர்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வயரைக் கழற்றி, கணினியின் வேறொரு யு.எஸ்.பி. வாயில் நேரடியாகச் செருகுங்கள். படம் வந்து குரல் போகவில்லை என்றால், ஒலி அமைப்பில் கேமராவின் மைக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகள் இதற்குள் தீர்ந்துவிடும்.

தீராத வழக்கும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. அண்மையில் வந்த சில மடிக்கணினிகளில் உள்ளே பதித்த கேமரா யு.வி.சி. வகையைச் சேர்ந்ததல்ல. அவற்றில் லினக்ஸ் இன்னும் திணறுகிறது. அப்படி இருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம். வெளியில் மாட்டும் யு.எஸ்.பி. கேமரா ஒன்றை வாங்கிச் செருகிவிடுங்கள்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் காசு மட்டுமல்ல. 'இலவச வெப்கேம் மென்பொருள்' என்று கூகுளில் தேடி, முதலில் கண்ணில் படும் பச்சைப் பொத்தானை அழுத்தும் பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்த வழியாக என்ன உள்ளே வருகிறது என்று நமக்குத் தெரியாது. கேமரா என்பது கூடத்தைப் பார்த்து வைத்த ஜன்னல். வீடியோ அழைப்பில் போலீஸ் உடுப்போடு தோன்றி, 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பெரியவர்களின் சேமிப்பைச் சுரண்டும் காலம் இது. முகம் தெரியாதவன் கொடுக்கும் மென்பொருளிடம் அந்த ஜன்னலை ஒப்படைக்கலாமா? "கேமராவைச் சரிசெய்து தருகிறேன், இந்த ஆப்பை இறக்குங்கள்" என்று போனில் யாராவது சொன்னால் பேச்சை அப்போதே துண்டித்துவிடுங்கள்.

லினக்ஸின் களஞ்சியத்தில் இருப்பவை பெரும்பாலும் அதைப் பராமரிப்பவர்கள் தொகுத்து, முத்திரையிட்டு வைத்தவை. தெரிந்த மளிகைக் கடையில் சாமான் வாங்குவது போல. அதில் கிடைக்காதது நம் தேவைக்கு வேண்டியதும் இல்லை.

அங்கிருந்தே எடுங்கள், ஒன்றை மட்டும் எடுங்கள். பேசி முடித்ததும் மூடியை இழுத்து விடுங்கள்.