யாருடைய கண்ணுக்காகத் துடைக்கிறது?

மழை விழுந்தால் வைப்பர் தானாக ஓடும், விட்டால் தானாக நிற்கும் என்று கேட்டால் எவருக்கும் அது நல்ல செய்தியாகவே படும். புதிய மின்சாரக் கார்களைப் பற்றிப் பேசுவோரில் பலர் அதற்கு மேலும் ஒரு படி போய்விடுகிறார்கள். இயந்திரம் பார்த்துக்கொள்ளும் வேலையில் மனிதர் கைவைக்க வேண்டியதில்லை, அப்படியிருக்க லீவர் எதற்கு, பொத்தான் எதற்கு என்று கேட்கிறார்கள். இன்று கொஞ்சம் தடுமாறினாலும் அடுத்த மென்பொருள் வந்தால் சரியாகிவிடும் என்றும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை மறுக்கவே இதை எழுதுகிறேன். தானியங்கி வைப்பரே கூடாது என்பதல்ல என் கட்சி. வைப்பர் ஓடுவது ஓட்டுபவரின் பார்வைக்காக. ஆகவே எப்போது, எவ்வளவு வேகத்தில் துடைக்க வேண்டும் என்பதில் கடைசிச் சொல் அவருடையதாக இருக்க வேண்டும். அதைச் சொல்லும் வழியும் அவர் சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதை அங்கிருந்து பிடுங்கியதுதான் தவறு.

இந்தக் கருவியின் வரலாறே கண்ணின் வரலாறு. நியூயார்க்கில் பனிமழை கொட்டிய ஒரு நாளில், டிராம் ஓட்டுநர் எதிரே தெரிவதற்காகக் கண்ணாடியைத் திறந்துவைத்துக் குளிரில் ஓட்டியதை மேரி ஆண்டர்சன் பார்த்தார். அலபாமாவில் வாழ்ந்த அவர் 1903இல் காப்புரிமை பெற்ற கருவியில் துடைக்கும் கரம் வெளியே இருந்தது. அதை இயக்கும் பிடி உள்ளே, ஓட்டுநரின் கைக்கு அருகில் இருந்தது. நின்று நின்று துடைக்கும் வைப்பரை 1960களில் உருவாக்கிய ராபர்ட் கெர்ன்ஸ், தன் திருமண இரவில் ஷாம்பெயின் புட்டியின் மூடி தெறித்து ஒரு கண்ணின் பார்வையைப் பெரும்பாலும் இழந்தவர். இமை ஓயாமல் அடித்துக்கொண்டிருப்பதில்லை, தேவைப்படும்போது ஒருமுறை மூடித் திறக்கிறது. வைப்பரும் ஏன் அப்படி இருக்கக்கூடாது என்பதே அவரது கேள்வி. அந்த இடைவெளிக்காக ஃபோர்டு நிறுவனம் நீண்ட வழக்கின் முடிவில் 1990இல் அவருக்கு 1 கோடியே 2 லட்சம் டாலர் கொடுத்தது. இமையைப் போன்ற ஒரு கருவியை அவரால் சிந்திக்க முடிந்ததற்குக் காரணம், யாருடைய கண்ணுக்காக அது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லாததுதான்.

பிறகு மழை சென்சார் வந்தது. அது எளிமையான, அழகான கருவி. கண்ணாடியின் உட்புறத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் செலுத்துகிறது. வெளிப்புறம் காய்ந்திருந்தால் ஒளி முழுதும் உள்ளே எதிரொளித்துத் திரும்பிவிடும். துளி ஒட்டியிருக்கும் இடத்திலோ ஒளியின் ஒரு பகுதி நீருக்குள் புகுந்து வெளியேறிவிடும். திரும்பி வரும் ஒளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஈரம். இருட்டோ வெயிலோ, தன் ஒளியைத் தானே கொண்டுவருவதால் அதற்குப் பெரிய வேறுபாடில்லை. 2016 அக்டோபர் முதல் டெஸ்லா தன் கார்களில் இந்தச் சென்சாரை விட்டுவிட்டது. தானோட்டத்துக்காகக் கேமராக்கள் இருக்கின்றனவே, மழையையும் அவையே பார்த்துக்கொள்ளட்டும் என்பது கணக்கு. அந்த மென்பொருள் வந்து சேரவே ஓராண்டுக்கு மேலாயிற்று. அதுவரை அந்தக் கார்களில் தானியங்கி வைப்பரே இல்லை. அதற்கு முந்தைய கார்களில் இருந்தது.

கேமராவிடம் இந்த வேலையைக் கொடுத்ததில் உள்ள சிக்கல் மென்பொருளுக்கு முன்பே, ஒளியியலிலேயே தொடங்குகிறது. சாலைக் கேமராவின் லென்ஸ் தொலைவில் வரும் வண்டியையும் கோட்டையும் தெளிவாகக் காணக் குவிக்கப்பட்டது. அதற்குச் சில சென்டிமீட்டர் முன்னால் ஒட்டியிருக்கும் துளி அதற்கு ஒரு கலங்கல் மட்டுமே. அந்தக் கலங்கல் துளியா, தூசியா, பூச்சி அடித்த கறையா, சாய்ந்த வெயிலின் கூச்சமா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. இரவில் எதிர்வண்டி இல்லாத சாலையில் அந்தக் கலங்கலும் தெரியாது. துளியை ஒளிரச் செய்ய வெளிச்சமில்லை. உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவரும் இரண்டு குறைகளும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன: நல்ல வெயிலில் காய்ந்த கண்ணாடியை ரப்பர் கீறிக்கொண்டு ஓடுகிறது, தூறலில் கண்ணாடி மறைந்த பிறகும் அசையாமல் கிடக்கிறது. முதலாவது எரிச்சல், தூசியோடு தேய்த்தால் கண்ணாடிக்கும் கேடு. இரண்டாவதில் உயிரே இருக்கிறது.

பழைய மழை சென்சாரும் தவறுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அது கண்ணாடியில் சில சதுர சென்டிமீட்டரை மட்டுமே அறியும்; கண்ணாடியை மாற்றும்போது சென்சாரைச் சரியாக ஒட்டாவிட்டால் உளறும். ஆனால் அந்தக் கார்களில் ஸ்டீயரிங் பக்கத்து லீவரில் ஒரு வளையம் இருந்தது. விரலால் ஒரு பல் திருப்பினால் துடைப்பு கூடும், கீழே தட்டினால் ஒருமுறை துடைக்கும். கண்டுபிடிப்பு குறையுள்ளது என்பதை அதைச் செய்தவர்களே ஏற்றுக்கொண்டு, குறையைத் திருத்தும் வழியையும் பக்கத்திலேயே வைத்தார்கள். நான் கேட்பதும் இதைத்தான். இன்னும் ஒன்று: எந்தச் சென்சாரும், எவ்வளவு துல்லியமானதும், விழுந்த நீரைத்தான் அளக்கும். முன்னே போகும் லாரியின் சக்கரங்கள் எழுப்பும் நீர்த்திரையை ஓட்டுபவர் தூரத்திலேயே காண்கிறார். முந்துவதற்கு முன்பே வைப்பரை வேகமாக்க நினைக்கிறார். பகலில் பொருட்படுத்தத் தேவையில்லாத நாலு துளிகள், இரவில் எதிர்விளக்கு பட்டதும் கண்ணாடி முழுவதையும் வெள்ளையாக்கிவிடும். கண்புரை தொடங்கிய ஒருவருக்கு அந்தக் கூச்சம் இருபது வயதுக்காரரைவிடப் பல மடங்கு. இது கண்ணாடியில் இருக்கும் நீரின் அளவைப் பற்றிய கேள்வியே அல்ல. அந்த நொடியில், அந்த மனிதருக்கு, போதுமான அளவு தெரிகிறதா என்ற கேள்வி. பதில் அவரிடம் மட்டுமே இருக்கிறது.

கையாலும் இயக்கலாமே, திரையில் இருக்கிறதே என்பார்கள். திரையில் இருப்பது கையில் இருப்பதாகாது. லீவரைத் தேட வேண்டியதில்லை. விரலுக்கு அதன் இடம் தெரியும். வழவழப்பான திரையில் விரலுக்கு எதுவும் தெரியாது, கண் போய்த்தான் ஆக வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு நொடி கண்ணெடுத்தால் கார் சுமார் 56 மீட்டர் போயிருக்கும். அதுவும் கண்ணாடி மறைந்து, சாலை வழுக்கும் நேரத்தில். ஜெர்மனியில் 2019 மார்ச்சில் நடந்தது இதுவே. பெருமழையில் டெஸ்லா ஓட்டிச் சென்ற ஒருவர் வைப்பரின் இடைவெளியை மாற்றத் தொடுதிரையைப் பார்த்தார். கார் சாலையை விட்டு விலகி மரங்களில் மோதியது. கார்ல்ஸ்ரூவே உயர் நீதிமன்றம் 2020இல் அவருக்கு விதிக்கப்பட்ட 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுநர் தடையையும் உறுதிசெய்தது. காரோடு பொருத்தப்பட்ட திரையும், கைபேசியைப் போலவே, ஒரு மின்னணுச் சாதனம்தான் என்றது. சட்டப்படி அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கலாம். ஆனால் மழையில் வைப்பரைச் சரிசெய்வது ஓட்டுபவரின் கடமை. அந்தக் கடமையைச் செய்ய இருந்த வழியே குற்றமாயிற்று. தண்டனை ஓட்டியவருக்கு வந்தது. அப்படி வடிவமைத்தவர்களுக்கு எதுவும் வரவில்லை.

குரலால் சொல்லலாம், இப்போது ஸ்டீயரிங்கில் ஒரு பொத்தான் இருக்கிறது என்றும் பதில் வருகிறது. பொத்தானும் லீவரும் திரும்பி வரும் ஒவ்வொரு காரையும் நான் வரவேற்கிறேன். குரலோ கேட்டுப் புரிந்துகொண்டு செய்வதற்குள் லாரியின் நீர் கண்ணாடியை மூடிவிடும். மென்பொருள் மேம்படும் என்ற பதிலுக்குக் காலமே சாட்சி. 2019இல் டெஸ்லா கார்களுக்கு 'டீப் ரெயின்' என்ற நரம்பியல் வலையமைப்பு வரப்போகிறது என்று பெரிதாகச் சொல்லப்பட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கையேட்டில் இந்த வசதியின் பெயரோடு 'பீட்டா' என்ற சொல் ஒட்டியே இருந்தது. மேம்பாடு நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. மேம்படும்வரை மழை காத்திருக்காது என்கிறேன்.

எல்லாவற்றையும்விட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. நாளை கார் தானே ஓடும். ஓட்டுபவரின் கண்ணுக்கே வேலையில்லாதபோது வைப்பர் யார் கையில் இருந்தால் என்ன? இந்த எண்ணத்தின் சாயலை இன்றைய கார்களிலேயே காணலாம். டெஸ்லாவில் ஆட்டோபைலட்டை இயக்கினால் வைப்பர் தானியங்கி நிலைக்கு மாறிவிடுகிறது, கேமராவுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அந்தக் கேமரா இருப்பது கண்ணாடியின் உச்சியில். அதன் முன்னே துடைத்திருந்தால் போதும் என்று கார் முடிவுசெய்யும் நேரத்தில், இருக்கையில் அமர்ந்திருப்பவரின் கண்முன்னே துளிகள் நிறைந்திருக்கலாம். அப்போதும் சாலையைக் கவனிக்க வேண்டியவர் அவரே என்று அதே நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. பொறுப்பு அவருடையதென்றால் பார்வையும் அவருடையதாக இருக்க வேண்டும். கார் உண்மையிலேயே தானாக ஓடி, விபத்துக்குத் தானே பொறுப்பேற்கும் நாளில் வைப்பரைக் கேமராவிடம் ஒப்படைக்கலாம். அதற்கு முன் அல்ல.

ஐரோப்பாவில் காற்று மாறத் தொடங்கியிருக்கிறது. கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் ஐந்து நட்சத்திரம் பெற வேண்டுமானால் வைப்பர், இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டறியும் தனிக் கட்டுப்பாடுகள் வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆனால் அது மதிப்பீடு, சட்டமல்ல. அமெரிக்கச் சட்டம் வைப்பர் நிமிடத்துக்கு எத்தனை முறை ஓட வேண்டும் என்றுகூடச் சொல்கிறது: ஒரு வேகம் 45 முறைக்குக் குறையக்கூடாது, மற்றொன்று 20க்கு. அதன் கட்டுப்பாடு, பெல்ட் போட்டு அமர்ந்திருக்கும் ஓட்டுநர் இயக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நடுவிலுள்ள தொடுதிரைக்கும் கை எட்டத்தானே செய்கிறது; ஆகவே விதி நிறைவேறிவிடுகிறது. கையைப் பற்றி இவ்வளவு யோசித்த அந்த விதி கண்ணைப் பற்றி யோசிக்கவில்லை. 'இயக்கக்கூடிய' என்பதற்கு முன்னால் 'பார்க்காமலே' என்ற ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும்.