லாக்டேட் ஆறு என்றால்...

போன வாரம் இரவு ஒன்பதரைக்கு செராஸிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். "அண்ணே, அப்பாவை ஆப்பரேஷனுக்கு உள்ளே கொண்டு போயிட்டாங்க. ரத்தத்துல லாக்டேட் ஆறுன்னு டாக்டர் சொன்னாரு. கூகுள்ல பார்த்தா பயமா இருக்கு. பிழைச்சிடுவாரா?"

மாலையில் நெஞ்சைக் கிழிப்பது போல் வலி. பிறகு முதுகுக்கு இறங்கியிருக்கிறது. 'காற்று' என்று தைலம் தேய்த்ததிலேயே ஒரு மணி நேரம் போய்விட்டது.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்கு. உள்ளடுக்கு கிழிந்தால் ரத்தம் சுவருக்குள்ளேயே புகுந்து வழி பிளக்கும். இதயத்தை ஒட்டிய பகுதியில் கிழிந்தால் உடனே அறுவை சிகிச்சைதான். இல்லாவிட்டால் முதல் இரண்டு நாளில் மணிக்கு 1 முதல் 2 விழுக்காடு என மரண அபாயம் ஏறும் என்பது பழைய மருத்துவக் கணக்கு. மாரடைப்பு என்று தவறாக நினைத்து ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் ஆபத்து இன்னும் கூடும். அதனால்தான் சிடி ஸ்கேனுக்கு அவசரப்படுகிறார்கள்.

சரி, லாக்டேட்டுக்கு வருவோம். உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது இது ஏறும். சாதாரணமாக 2-க்குள் இருக்க வேண்டும். ஆறு என்றால் குடலோ, காலோ, வேறு உறுப்போ ரத்தத்துக்குத் தவிக்கிறது என்று சந்தேகிப்பார்கள். கிரியேட்டினின் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும். டிரோபோனின், இதயத் தசை அடிபட்டதை. பிளேட்லெட் குறைந்திருந்தால் ரத்தப்போக்குக் கவலை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் வரும் வெள்ளணுக்களின் விகிதத்தைக்கூட ஆய்வாளர்கள் கணக்கில் எடுத்துப் பார்க்கிறார்கள்.

ஆனால் இவை நூறு நோயாளிகளைப் பற்றிப் பேசும் எண்கள்; உங்கள் அப்பா ஒருவரைப் பற்றி அல்ல. ஒரு தடவை எடுத்த எண்ணைவிட, ஆப்பரேஷனுக்குப் பிறகு அது இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். டாக்டரிடம் "எவ்வளவு?" என்று கேட்பதோடு "இறங்குதா?" என்றும் கேளுங்கள்.

கிழிந்த தமனிக்குப் பதில் டேக்ரான் குழாய் வைக்கும் முறையை வளர்த்தவர் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டிபேக்கி. 2005 கடைசி நாளில் அவருக்கே இந்த நோய் வந்தது, 97 வயதில்! முதலில் ஆப்பரேஷனே வேண்டாம் என்றார். 2006 பிப்ரவரியில் செய்தார்கள். 2008 ஜூலை வரை இருந்தார். அந்த வயதை மட்டும் பார்த்து யார் நம்பியிருப்பார்கள்?

தம்பியின் அப்பாவுக்கு மறுநாள் காலை லாக்டேட் 2.4. சிறுநீரகம் இன்னும் தேறவில்லை, டயாலிசிஸ் ஓடுகிறது. இந்த நோய் சில குடும்பங்களில் தொடர்வதால் பிள்ளைகளும் பெருந்தமனியை ஸ்கேன் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். காத்திருந்த நேரத்தில் தம்பி தன் ரத்த அழுத்தத்தையும் பார்த்தான்: 158/96. வயது 31. மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை.