சத்தம் கூடினால் சங்கீதம் கூடுமா?

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பதினைந்து வருஷம் பாட்டுக் கற்றுக்கொண்டவர். கல்யாணம், குழந்தைகள், மாமியாருக்குச் சிசுருஷை என்று தம்புராவுக்கு உறை போட்டு மூலையில் சாத்திவிட்டாராம். இப்போது பிள்ளை காலேஜுக்குப் போய்விட்டான். போகும்போது அம்மாவுக்கு ஒரு மைக்கும், கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் வசதியும் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். சமர்த்துப் பிள்ளை!

ஆறு பாட்டுக்கள் பாடி, வயலினையும் மிருதங்கத்தையும் சேர்த்துக் கலந்து முடித்துவிட்டார். "ஆனால் சினிமாப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் என் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. மாஸ்டரிங் செய்தால் சத்தம் கூடும் என்கிறான் பிள்ளை. நானே செய்யலாமா?" என்று கேட்கிறார்.

பேஷாகச் செய்யலாம். ஆனால் சத்தத்தைக் கூட்டத்தான் மாஸ்டரிங் என்று ஆரம்பித்தால், பதினைந்து வருஷத்துச் சாதகம் பதினைந்து நிமிஷத்தில் நசுங்கிப் போகும்.

கல்யாணப் பெண்ணை மணவறைக்கு அனுப்புமுன் பெரியம்மா ஒருத்தி கடைசியாக ஒரு தரம் பார்ப்பாள் அல்லவா? பொட்டு கோணலா, தலைப்பு சரிந்திருக்கிறதா என்று பார்த்துத் திருத்துவாள். அப்போது போய்ப் புடைவையை மாற்று என்று யாரும் சொல்வதில்லை. மாஸ்டரிங் அந்தக் கடைசிப் பார்வைதான். வயலின் ஜாஸ்தி, குரல் கம்மி என்றால் அது கலவையில் உள்ள கோளாறு. அங்கேயே திரும்பிப் போய்ச் சரி செய்ய வேண்டும்.

இந்தக் கடைசி வேலை ஒரு காலத்தில் பாடுகிறவர் கைக்கு எட்டாத வேலையாக இருந்தது. 1902-ம் வருஷம் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்வார். பெருமைக்காக அல்ல! பதிவான தட்டு கப்பலேறி ஜெர்மனியில் ஹனோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே இருப்பவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டுமே! பிறகு 1948-ல் எல்.பி. இசைத்தட்டு வந்தது. அதில் வரி வெட்டும் நிபுணருக்குப் பெரிய தலைவலி, கனமான கீழ்நாதம். அது ஜாஸ்தியானால் வரி அகன்று பக்கத்து வரியில் இடிக்கும், ஊசி துள்ளும். ஆகவே அளவோடு குறைத்து வெட்டுவார். அந்த நிபுணரின் நாற்காலியில்தான் இப்போது நம் சகோதரி உட்காரப் போகிறார்.

சரி, சத்தத்தின் மேல் ஏன் இத்தனை மோகம்? காது செய்கிற தந்திரம்தான். ஒரே பாட்டைக் கொஞ்சம் உரக்க வைத்தால் கனமான நாதமும் கூர்மையான நாதமும் எடுப்பாகக் கேட்கும். நமக்கு அதுவே உயர்த்தியாகப் படும். பிளெட்சர், முன்ஸன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1933-லேயே காதின் இந்தக் குணத்தை அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஸி.டி. வந்த பிறகு, என் பாட்டு உன் பாட்டைவிட உரக்க இருக்க வேண்டும் என்று கம்பெனிகள் போட்டி போட்டன. 2008-ல் மெட்டாலிக்கா என்ற அமெரிக்கக் கோஷ்டியின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வெளிவந்தபோது, ரசிகர்களே இது இரைச்சல் என்று முறையிட்டார்கள். ஒரு வீடியோ விளையாட்டில் வந்த அதே பாட்டுக்கள் நசுக்கப்படாமல் நன்றாக இருந்தனவாம்!

இன்று அந்தப் போட்டிக்கே அர்த்தமில்லை. ஸ்பாட்டிஃபை ஒவ்வொரு பாட்டின் சராசரி உரப்பையும் அளந்து, வழக்கமாக மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. நீங்கள் கஷ்டப்பட்டு மைனஸ் 8 வரை ஏற்றினால் அது 6 டெஸிபல் இறக்கிவிடும். யூ-டியூபும் உரத்த பாட்டை இறக்கும். சத்தம் போயிற்று, நசுங்கினது மட்டும் மிச்சம்.

நசுங்குவது என்றால் என்ன? கீழ் ஸ்தாயியில் குழைந்து பாடிவிட்டு, அனுபல்லவியில் மேல் ஷட்ஜத்தைத் தொட்டதும் மனசு நிறைகிறதே, அந்த ஏற்ற இறக்கத்தை லிமிட்டர் என்ற கருவி தட்டிச் சமமாக்கிவிடும். கூடவே கார்வையின் நடுவே மின்விசிறிச் சத்தம் மேலே கிளம்பும். மிருதங்கத்தின் சாப்பு மழுங்கிப் போகும். குக்கர் விசில் எங்கேயாவது ஒளிந்திருந்தால் அதுவும் கச்சேரியில் சேர்ந்துகொள்ளும்!

இனி வேலைக்கு வருவோம். கலவை முடிந்த அன்றே மாஸ்டரிங்கில் உட்கார வேண்டாம். களைத்த காதுக்கு எல்லாம் ஒன்றுதான். இரண்டு நாள் கழித்துக் காலையில் உட்காருங்கள். மொட்டைச் சுவரும் மொஸைக் தரையுமான கூடத்தைவிட, மெத்தையும் துணி அலமாரியும் உள்ள படுக்கையறை எவ்வளவோ மேல். அலமாரிக் கதவைத் திறந்தே வையுங்கள். தொங்குகிற புடைவைகள் எதிரொலியைக் கொஞ்சம் விழுங்கும். (புடைவை வாங்க இன்னொரு காரணம் கிடைத்தது என்று வீட்டில் சொல்லிப் பாருங்களேன்!)

உங்களுக்குப் பிடித்த ஒரு நல்ல பதிவை உங்கள் பாட்டோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். இரண்டும் ஒரே உரப்பில் இருக்க வேண்டியது முக்கியம்; இல்லாவிட்டால் காது ஏமாற்றிவிடும். உரப்பை அளக்க 'யூலீன்' என்ற மீட்டரின் இலவசப் பதிப்பே போதும். திருத்துவதற்கு 'ஆடாஸிட்டி' இருக்கிறது, அதுவும் இலவசம். ஈக்வலைஸரில் 200, 300 ஹெர்ட்ஸ் பக்கம் குரல் மந்தமாக இருந்தால் ஒரு டெஸிபல், மிஞ்சிப் போனால் இரண்டு குறையுங்கள். அதற்கு மேல் தேவைப்பட்டால் பிசகு கலவையில் இருக்கிறது. 'ஸ' என்ற எழுத்து சீறினால் 6,000, 7,000 ஹெர்ட்ஸ் பக்கம் தேடுங்கள். தம்புராவின் ரீங்காரத்தில் கை வைக்காதீர்கள். கடைசியில் லிமிட்டரின் உச்சத்தை மைனஸ் 1 டெஸிபலில் நிறுத்துங்கள். பாட்டைச் சுருக்கி அனுப்பும்போது உச்சங்கள் கொஞ்சம் மேலே எம்பும்; அதற்காக விட்ட இடம் இது. ஒரு பாட்டில் லிமிட்டர் எப்போதாவது தொட்டால் சரி. ஓயாமல் தொட்டுக்கொண்டிருந்தால் விபரீதம்.

ஆறு பாட்டையும் ஒரே மட்டத்துக்கு இழுக்கவும் வேண்டாம். விருத்தம் விருத்தமாகவே மெதுவாக இருக்கட்டும். ஆல்பமாக வரிசையில் கேட்டால் ஸ்பாட்டிஃபையும் அந்த வித்தியாசத்தைக் கலைப்பதில்லை. பிறகு செல்போனில், சமையலறை மேடையில் வைத்துக் கேளுங்கள். அதில் வார்த்தை தெளிவாக விழுந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பாட்டைத் தெரியாத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை வேண்டாம், அவன் சத்தம் கூட்டச் சொல்லுவான்.

மாஸ்டரிங் செய்யாத மூலப் பதிவை 24 பிட் வேவ் கோப்பாக இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். நசுக்கியதை மறுபடி நிமிர்த்த எந்தக் கருவியும் இல்லை. மூலம் கையில் இருந்தால் ஐந்து வருஷம் கழித்துக்கூடப் புதிதாகச் செய்யலாம்.

மைக் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் சகோதரி கேட்டிருக்கிறார். அது அடுத்த வாரம்.