பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்

மொழிபெயர்ப்பு மேஜைக்கு வரும் சில சொற்கள் தமிழாக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். 'குவார்ட்டர்பேக்' அவற்றில் ஒன்று. அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு அதிக வேலை கிடையாது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். அணி முன்னேறும் ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வந்து சேர்வது குவார்ட்டர்பேக்கின் கைக்கு. தூரத்தில் ஓடுபவருக்கு எறிவதா, பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா? இரண்டு மூன்று விநாடிகளில் அவர் முடிவு செய்தாக வேண்டும். அதற்குள் எதிரணியின் தடியர்கள் மேலே விழுந்துவிடுவார்கள்.

'ஸ்டார்ட்டர்' இன்னும் மோசம். 'தொடக்க ஆட்டக்காரர்' என்று எழுதினால் நம் வாசகர் கவாஸ்கரை நினைத்துக்கொள்வார். முதல் நிமிடத்திலிருந்து களத்தில் இறக்கப்படுபவர் என்று பொருள். மற்றவர் பெஞ்சில் இருப்பார். நம் பள்ளிக்கூடங்களில் பெஞ்சு மேல் ஏறி நிற்பது தண்டனை. அங்கே உட்கார்ந்திருப்பதே தண்டனை.

அணித் தேர்வன்று ஒவ்வொரு டீக்கடையும் தேர்வுக் குழுவாக மாறும் நாட்டில் இந்தச் சர்ச்சையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம். கிரிக்கெட்டில் மட்டையாளர் சரியில்லை என்றால் ஆறாவது இடத்துக்கு இறக்கலாம். குவார்ட்டர்பேக்குக்கு இருப்பது ஒரே இடம். ஒருவர் ஆடினால் இன்னொருவர் ஆட முடியாது. ஆகஸ்ட் வந்தால் அமெரிக்காவின் கல்லூரி நகரங்களில் முடிவெட்டும் கடை முதல் வானொலி வரை இதே பேச்சுதான்.

இந்த விவாதங்களில் பெரிது, அலபாமா பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2018 ஜனவரி 8. அட்லாண்டாவில் தேசிய இறுதி ஆட்டம். அலபாமாவின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ். அதுவரை அவர் முதலில் இறங்கிய 27 ஆட்டங்களில் அணி தோற்றது இரண்டில்தான். ஆனால் அன்று இடைவேளையில் ஜார்ஜியா 13-0 என்று முன்னிலையில் இருந்தது. பயிற்சியாளர் நிக் சேபன் ஹர்ட்ஸை உட்கார வைத்துவிட்டு, ஹவாயிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் டுவா டங்கோவைலோவாவை இறக்கினார். இருவருக்கும் அப்போது வயது 19.

ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. டுவா முதலில் 16 கெஜம் பின்னால் தள்ளப்பட்டு விழுந்தார். எழுந்து அடுத்த முறையே 41 கெஜ தூரத்துக்கு எறிந்தார். டிவான்டா ஸ்மித் பிடித்தார். அலபாமா 26-23 என்று ஜெயித்தது. ஹர்ட்ஸ் ஓரத்தில் நின்று கை தட்டினார்.

அன்றிரவே விவாதம் தொடங்கிவிட்டது. 26 வெற்றி தந்தவரா, ஒரே பாதி ஆட்டத்தில் கோப்பை தந்தவரா? டுவா நன்றாக எறிபவர், ஹர்ட்ஸ் நன்றாக ஓடுபவர். எட்டு மாதம் சேபன் பிடிகொடுக்கவில்லை. செப்டம்பர் 1 அன்று முதல் ஆட்டத்தில் டுவாவை இறக்கி 51-14 என்று ஜெயித்த பிறகும், இது பற்றிக் கேட்ட தொலைக்காட்சி நிருபரிடம் எரிந்து விழுந்தார். பின்னர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

யார் சிறந்தவர் என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. இதில் மாட்டிக்கொண்டிருந்த இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிக்கவில்லை. கல்லூரி வீரருக்கு ஆட நான்கு பருவங்கள்தான் உண்டு. பெஞ்சில் கழியும் பருவம் திரும்பி வராது. அந்த நாட்களில் அவருக்குச் சம்பளமும் கிடையாது, உதவித்தொகைதான். வேறு பல்கலைக்கழகம் போனால், பட்டம் முடித்தவராக இல்லாவிட்டால், ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். பயிற்சியாளருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சேபனே 2004 பருவம் முடிந்ததும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை விட்டு மயாமியின் தொழில்முறை அணிக்குப் போனவர். இரண்டாண்டில் அதையும் விட்டு அலபாமா வந்தவர். யாரும் அவரை ஓராண்டு சும்மா உட்காரச் சொல்லவில்லை.

2018-ல் ஒரு புது விதி வந்தது. நான்கு ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர் அந்தப் பருவத்தைச் சேமித்துக்கொள்ளலாம். கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் கெல்லி பிரயன்ட்டுக்கும் ஹர்ட்ஸின் கதியே நேர்ந்தது. முந்தைய பருவத்தில் அணியை அரையிறுதி வரை கொண்டுபோனவர் அவர். நான்கு ஆட்டங்கள் முடிந்ததும் அவர் இடம் முதலாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. பிரயன்ட் அந்த வாரமே விலகினார். அடுத்த பருவம் மிசூரிக்கு ஆடினார்.

அதே வாரம், செப்டம்பர் 29 அன்று, ஹர்ட்ஸ் தன் ஐந்தாவது ஆட்டத்தில் களமிறங்கினார். சேமிக்க இருந்த பருவம் அதோடு போயிற்று. அதே நாளில் கிளெம்சனின் லாரன்ஸ் அடிபட்டு வெளியேறினார். பிரயன்ட் இல்லை. பெஞ்சிலிருந்து வந்த சேஸ் பிரைஸ் என்ற மாணவர் அணியைக் காப்பாற்றினார்.

டிசம்பர் 1. மீண்டும் அட்லாண்டா, அதே மைதானம், அதே ஜார்ஜியா. இம்முறை டுவா கணுக்காலில் அடிபட்டு வெளியேறினார். அணி 28-21 என்று பின்தங்கியிருந்தது. பெஞ்சிலிருந்து ஹர்ட்ஸ் வந்தார். எறிந்து ஒரு முறை, ஓடி ஒரு முறை என்று இருமுறை எல்லையைத் தொட வைத்து 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தார்.

பத்தி எழுதுபவர்களுக்கு இது அல்வா. 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று தலைப்பிட்டு முடித்துவிடலாம். அமெரிக்கப் பத்திரிகைகளிலும் பலர் அப்படித்தான் முடித்தார்கள். ஓடிப்போனவன் பிரயன்ட், உத்தமன் ஹர்ட்ஸ் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹர்ட்ஸும் போய்விட்டார். அந்த டிசம்பரிலேயே மூன்றே ஆண்டில் பட்டத்தை முடித்தார். பட்டதாரிக்குக் காத்திருப்பு இல்லை என்ற விதியைப் பயன்படுத்தி 2019-ல் ஓக்லஹோமாவுக்கு ஆடினார். அவர் செய்தது தவம் அல்ல, கணக்கு. பிரயன்ட் போட்டதும் கணக்குதான். இருவர் கையிலும் இருந்தது சில மாதங்கள். ஆளுக்கொரு விதமாகச் செலவழித்தார்கள்.

ஹர்ட்ஸ் 2025 பிப்ரவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்கு சூப்பர் பௌல் கோப்பை வாங்கித் தந்து ஆட்ட நாயகனும் ஆனார். அதனால் 2018-ல் சேபன் செய்தது தவறு என்று ஆகாது. அன்று டுவாவை இறக்கியிராவிட்டால் அந்தக் கோப்பை வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ஒருவரை உட்கார வைத்தது சரி என்பதற்காக உட்கார்ந்தவர் சோடை என்று அர்த்தமில்லை. டீக்கடை விவாதங்கள் வழக்கமாக மறப்பது இதைத்தான்.

விதிகள் பிறகு மாறின. அணி மாறுபவருக்கு 2021-ல் முதல் முறை காத்திருப்பு நீங்கியது. விளம்பர வருமானம் பெறும் உரிமையும் அந்த ஆண்டே வந்தது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே பணம் தரலாம் என்றாயிற்று. இப்போது இரண்டாவது ஆளைத் தக்கவைப்பதே பெரும்பாடு என்று பயிற்சியாளர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அலுத்துக்கொள்ளட்டும். இத்தனை காலம் அந்தக் கவலை பையன்கள் தலையில் மட்டும் இருந்தது.

யாரை இறக்குவது என்பது பயிற்சியாளரின் வேலை. அதை அவரே செய்யட்டும். ஆனால் 2018 ஆகஸ்டில், எல்லா வாயும் தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தபோது, ஹர்ட்ஸ் நிருபர்களிடம் ஒரு குறை சொன்னார். இடம் தரவில்லை என்பதல்ல அது. இத்தனை மாதத்தில் உனக்கு எப்படி இருக்கிறது என்று பயிற்சியாளர்கள் உட்பட ஒருவரும் கேட்கவில்லை என்பது.