காசு குடுத்து அடுக்கினால்தான் செட்அப்பா?

கொழும்பில் சிம் ரேஸிங் பற்றிக் கதை தொடங்கினால் முதல் கேள்வி எப்பவும் ஒன்றுதான்: "என்ன வீல் வச்சிருக்கிறீங்க?" எந்த ட்ராக் ஓடுறீங்க, எந்தக் கார் பிடிக்கும் எண்டு கேட்கிறவர்கள் குறைவு. வீல் என்ன பிராண்ட், பெடல் என்ன மொடல், சீட்டுக்கு எவ்வளவு போச்சு. பதிலைப் பொறுத்துத்தான் மரியாதை. வீட்டு ரேஸிங் செட்அப் என்பது வாங்கி அடுக்கி, போட்டோ எடுத்துப் போடுகிற சாமானாக மாறிவிட்டது. இதை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. செட்அப் என்பது ஓட்டுகிற ஆளின் உடம்புக்கும், அவர் இருக்கிற வீட்டுக்கும் ஏற்றமாதிரிச் செய்துகொள்ள வேண்டியது. மேலதிகமாகப் பூட்டுகிற ஒவ்வொரு பட்டனும் லீவரும் அதுக்குத்தான்.

லொஜிடெக் ஜி29ஐ எடுத்துக்கொள்வோம். 2015இல் வந்தது. பெட்டிக்குள் ஒரு ஸ்டியரிங் வீல், மூன்று பெடல். கியர் லீவர் வேண்டுமென்றால் தனியாக வாங்க வேண்டும். ஹான்ட்பிரேக் இல்லவே இல்லை. ரலி கேம் ஓடுகிறவருக்கு ஹான்ட்பிரேக் இல்லாமல் கொண்டை ஊசி வளைவில் காரைத் திருப்புவது பெரிய சிரமம். "கீபோர்டில் ஸ்பேஸ் பாரை அமத்துங்களேன்" என்பார்கள். ஸ்பேஸ் பாருக்குத் தெரிந்தது இரண்டு நிலைதான்: பிடித்தது, விட்டது. உண்மையான ஹான்ட்பிரேக்கைக் கால்வாசி, அரைவாசி எண்டு இழுக்கலாம். காரைக் கட்டுப்படுத்துகிற வித்தை முழுக்க அந்த இடைநிலையில்தான் கிடக்கிறது.

சரி, காசு குடுத்து வாங்கலாமே? 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனதை எங்கட வீடுகளில் யாரும் மறக்கவில்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 சதவீதம். வெளிநாட்டு ஹான்ட்பிரேக் ஒன்றை அனுப்பும் கூலி, சுங்க வரி எல்லாம் கட்டி இங்கே இறக்கினால், அது ஒரு மாணவரின் கைக்கு எட்டாத பொருள். அதுக்குள்ள அப்படி என்ன இருக்கு? ஒரு இரும்பு லீவர், ஒரு ஸ்பிரிங், ஒரு சென்சர், ஒரு சின்ன போர்ட், ஒரு யூஎஸ்பி வயர். அவ்வளவுதான்.

இதில் ஒன்றுகூட கொழும்பில் கிடைக்காத சாமான் இல்லை. பழைய வாகனத்தில் கழற்றிய லீவரைத் தேட பஞ்சிகாவத்தை இருக்கு. சுவிட்ச், வயர் தேட புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெரு இருக்கு. போர்ட் மட்டும் கவனமாகப் பார்த்து வாங்க வேண்டும். ஏடிமெகா32யு4 சிப் உள்ள ஆர்டுயினோ லியனார்டோ அல்லது புரோ மைக்ரோ என்றால் கொம்பியூட்டர் அதை ஒரு ஜொய்ஸ்டிக் எண்டே நினைத்துக்கொள்ளும். லீவரின் அச்சில் ஒரு பொட்டன்ஷியோமீட்டரைப் பூட்டி, இரண்டு ஓரக் கால்களை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், நடுக் காலை அனலொக் பின்னுக்கும் குடுத்தால் லீவரின் நிலை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக வரும். லீவர் கொஞ்சத் தூரம்தான் அசையும் என்பதால் அந்த அளவு முழுவதும் வராது. எங்கே தொடங்குது, எங்கே முடியுது எண்டு பார்த்து கோடில் எழுதிவிட்டால் போதும்.

பட்டன் பெட்டியும் இப்படித்தான். 5 வரிசை, 5 நிரை எண்டு கட்டினால் 10 வயரில் 25 பட்டன். ஒவ்வொரு பட்டனோடும் ஒரு டயோட் போட வேண்டும், இல்லாட்டி இரண்டு மூன்றை ஒன்றாக அமத்தும்போது அமத்தாத பட்டனும் அமத்தினமாதிரிக் காட்டும். இவ்வளவும் யூஎஸ்பியிலிருந்து வருகிற 5 வோல்ட்டில் ஓடுகிற வேலை. வீல் மோட்டரையோ பவர் சப்ளையையோ திறந்து நோண்டச் சொல்லவில்லை. அதைக் கடையில் வாங்குங்கள், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை.

வெள்ளவத்தை ஃப்ளாட்டிலும் கொட்டாஞ்சேனை ஒடுக்கு வீட்டிலும் அலுமினியச் சட்டத்தில் பூட்டிய முழு ரிக்கை எங்கே வைப்பது? சாப்பாட்டு மேசையில் கிளாம்ப் பண்ணி, ஓடி முடிய கழற்றிக் கட்டிலுக்குக் கீழ் தள்ள வேண்டும். அப்படிக் கழற்றிப் பூட்டுகிற பலகையை ஒரு கொம்பனியும் எங்கட மேசையை அளந்து செய்து தரப்போவதில்லை.

"விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு வக்காலத்தா?" எண்டு கேட்பவர்களுக்குத்தான் முக்கியமான பதில். கடையில் விற்கிற செட்அப் ஒவ்வொன்றும் ஒரு உடம்பைக் கற்பனை பண்ணிச் செய்யப்பட்டது: இரண்டு கை, இரண்டு கால். போர் நடந்த நாடு இது. கண்ணிவெடியிலும் ஷெல்லிலும் காலை இழந்தவர்கள் எங்கட ஊர்களில், எங்கட உறவுக்குள்ளேயே இருக்கிறார்கள். மூன்று பெடல் அவர்களுக்கு எதுக்கு?

இத்தாலியரான அலெக்ஸ் ஸனார்டி 2001இல் ஜெர்மனியில் நடந்த ரேஸ் விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். பிறகு ஆக்ஸிலரேட்டரைக் கையால் இயக்கும்படி ஸ்டியரிங்கில் மாற்றிய பிஎம்டபிள்யூவில் ஓடி, 2005இல் உலக டூரிங் கார் போட்டியில் ஒரு ரேஸை வென்றார். உண்மைக் காரில் அதைச் செய்ய ஒரு பெரிய டீம் தேவை. சிம்மில் அதே வேலைக்கு இரண்டு லீவர், இரண்டு பொட்டன்ஷியோமீட்டர், ஒரு போர்ட் போதும். பிசி கேமுக்கு ஆக்ஸிலரேட்டர் என்பது வெறும் ஓர் எண். அது காலிலிருந்து வந்ததா, கையிலிருந்து வந்ததா எண்டு அது கேட்பதில்லை. கேட்பது நாங்கள்தான், "என்ன பிராண்ட்?" எண்டு.

ஜெய்ப்பூர்க் காலின் கதையும் இதுதான். வெளிநாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துப் போட்டு நடக்கிறவருக்குச் செய்தது. குந்தியிருக்கவும் வெறுங்காலோடு வயலில் இறங்கவும் அது உதவவில்லை. 1960களின் கடைசியில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேதி என்ற வைத்தியரும் ரப்பரையும் மரத்தையும் வைத்து எங்கட பக்கத்து வாழ்க்கைக்குப் பொருந்துகிற காலைச் செய்தார்கள். உடம்புக்கு ஏற்றமாதிரிச் சாமானை மாற்றுவதைச் சிறுபிள்ளை விளையாட்டு எண்டு சொல்கிறவர்கள் இதையும் ஒருக்கா யோசிக்கட்டும்.

அடுத்தது, "இது இஞ்சினியரிங் பெடியள்ட வேலை, ஆர்ட்ஸ் படிக்கிறவைக்கு எதுக்கு?" என்ற கதை. ஏ.எல்லில் எந்தப் பிரிவு எடுத்தாய் என்பதை வைத்து ஆயுள் முழுக்க யார் சோல்டரிங் அயனைத் தொடலாம் எண்டு முடிவெடுக்கிற சமூகம் இது. பொம்பிளைப் பிள்ளை என்றால் அந்தக் கதையும் தேவையில்லை, நேரே "வேண்டாம்" தான். பட்டன் பெட்டி கட்டத் தேவைப்படுவது பொறுமையும், வாசித்து விளங்குகிற பழக்கமும். கலைப்பீடத்தில் நாங்கள் வேறு என்னத்தைப் படிக்கிறோமாம்?

ஆகவே சொல்ல வேண்டியதை நேரே சொல்கிறோம். செட்அப் வைத்திருப்பவர்கள் போட்டோவோடு வயரிங் படத்தையும் போடுங்கள், தமிழில் போடுங்கள். போட்டி நடத்துகிறவர்கள் கையால் செய்த கன்ட்ரோலுக்கும் இடம் உண்டு எண்டு விதியிலேயே எழுதுங்கள். கேம் சென்டர் நடத்துகிறவர்கள் ஒரு சீட்டிலாவது கைக் கன்ட்ரோல் பூட்டி வையுங்கள். அடுத்த முறை ஒருத்தரைச் சந்திக்கும்போது என்ன வீல் எண்டு கேட்கிறதை விட்டிட்டு, என்ன செய்து பூட்டினீங்க எண்டு கேளுங்கள்.