சாலை போடுமுன் சுகாதாரத் துறையைக் கேட்டதுண்டா?

சாலையின் அகலத்தை முடிவு செய்யப் பொறியாளர்களிடம் ஒரு கணக்கு உண்டு. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1990-இல் வெளியிட்ட அட்டவணையில் கார் ஒன்று என்றால், லாரி மூன்று, மாட்டு வண்டி எட்டு, சைக்கிள் அரை. அறுபது பேரைச் சுமக்கும் பேருந்துக்கும் லாரிக்குரிய அதே மூன்றுதான். நடந்து செல்பவருக்கு அவ்வட்டவணையில் எண்ணே இல்லை. நடைபாதைக்கெனத் தனி விதிநூல் இருக்கிறது; அது நூலகத்தில் நலமாக இருக்கிறது.

இக்கணக்கின் விளைவை மீஞ்சூரில் காணலாம். காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள் யாவும் அருகிலேயே உள்ளன. இவற்றை நாடிவரும் பெட்டக லாரிகளும் சாம்பல் லாரிகளும் ஓடும் சாலைகளில்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கின்றனர். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இலேயே உறுதி செய்துவிட்டது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலைக்கு 122 மீட்டர் அகலத்தில் நிலம் எடுத்தனர். பிற்காலத்தில் ரயில் ஓடவும் அதில் இடம் ஒதுக்கினர். லாரி வந்துவிட்டது. ரயில் வரவில்லை.

தொழில் வளர வேண்டாமா என்று கேட்பர். வளரட்டும். ஆனால் அத்தொழிற்கூடங்களுக்கு விடியலில் நடந்தும் இருசக்கர வாகனத்திலும் செல்பவர் யார்? 2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவ்வாண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழகத்துக்கு.

இத்தனைக்கும் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனி இயக்குநரகமும் வைத்திருக்கிறோம். 2008-இல் 108 ஊர்தி வந்தது. 2021-இல் விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சை வந்தது. நன்றியோடு ஏற்கிறோம். எனினும், எலும்பு முறிந்தபின் அழைக்கப்படும் துறையைச் சாலை வரையும்போதே அழைத்தாலென்ன? சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கோரும் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையும் தனியான உடல்நல மதிப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை.

இயலாத காரியமன்று. தாய்லாந்தின் 2007-ஆம் ஆண்டு அரசியலமைப்பு மக்கள் நலனைப் பெரிதும் பாதிக்கக்கூடிய திட்டங்களுக்கு அத்தகைய மதிப்பீட்டை விதித்தது. அதைப் பின்பற்றவில்லை என்று மாப் தா புட் துறைமுகத் தொழிற்பகுதியில் 76 திட்டங்களை 2009-இல் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அதுவும் நம் எண்ணூரைப் போன்ற ஊர்தான்.

இப்போது எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து தச்சூர் வழியாக மாமல்லபுரம் நோக்கி எல்லைச் சாலை அமைத்து வருகின்றனர். அதன் லாரிகள் எவ்வூர்ப் பள்ளிகளைக் கடந்து போகும், எந்நேரத்தில் போகும், கரியும் சாம்பலும் தார்ப்பாய் மூடி வருமா, பிள்ளைகள் எங்கே கடப்பர் என்று மாவட்டச் சுகாதார அலுவலர் எழுதிக் கையொப்பமிட்ட அறிக்கை வேண்டும். சுற்றுவட்ட ஊராட்சிகளில் உள்ள நம்மவர் அடுத்த கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாக முன்வைக்கலாம்.